விசேஷத்துக்குப் பின்னித் தர ஆசையா? சிங்கப்பூர் வெக்கைக்கு ஏற்ற முழுமையான வழிகாட்டி

வீட்டில் ஒரு விசேஷம் வருகிறது என்றாலே பின்னத் தெரிந்தவர்களுக்குக் கை பரபரக்கும். அக்கா மகளுக்குப் பிரசவம், மாமாவுக்கு அறுபதாம் கல்யாணம், பின்னாலேயே தீபாவளி என்று வரிசையாக வந்தால் கேட்கவே வேண்டாம். இப்போது என் கையில் ஓடிக்கொண்டிருப்பதும் இந்த வேலைகள்தான்: குழந்தைக்கு ஒரு விரிப்பும் தொப்பியும், அத்தைக்கு ஒரு சால்வை, வாசலுக்கு மாவிலைத் தோரணம். இணையத்தில் கிடைக்கும் பேட்டர்ன்களில் பெரும்பாலானவை குளிர் நாடுகளில் இருப்பவர்கள் தங்கள் ஊருக்காக எழுதியவை. அவற்றை அப்படியே இங்கே பின்னினால் பார்க்க அழகாக இருக்கும், எல்லாரும் பாராட்டுவார்கள், அப்புறம் அது அலமாரிக்குள் போய்விடும். விசேஷத்தன்றும் அதற்குப் பிறகும் அந்த வீட்டில் அது புழங்க வேண்டும், அதற்காகத்தான் இவ்வளவு மெனக்கெடுகிறோம். நிட், பர்ல் இரண்டும் தெரிந்து, ஒரு மஃப்ளராவது பின்னி முடித்தவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் அந்த வீட்டு வழக்கத்தைக் கேளுங்கள்

நூல் வாங்குவதற்கு முன்பே ஒரு போன் போட்டுவிடுங்கள். குழந்தை பிறப்பதற்கு முன் துணிமணி எதுவும் வீட்டுக்குள் வரக்கூடாது என்று நினைக்கும் குடும்பங்கள் உண்டு. அப்படியானால் வளைகாப்பில் கொடுக்காமல், முப்பதாம் நாள் பெயர் சூட்டும்போது கொடுக்கலாம். நல்ல காரியத்துக்குக் கறுப்பு ஆகாது என்பார்கள் சிலர், அடர் நீலத்தைக்கூட வேண்டாம் என்பவர்களும் இருக்கிறார்கள். இதையெல்லாம் பெற்றவளிடம் கேட்பதைவிட அவளுடைய அம்மாவிடமோ மாமியாரிடமோ கேட்பது நல்லது. "அத்தை, என்ன கலர்ல பின்னட்டும்?" என்று கேட்டாலே போதும், மற்றதெல்லாம் அவர்களே சொல்லிவிடுவார்கள். சீன நண்பர்கள் வீட்டு முழு மாத விருந்துக்குப் பின்னுகிறீர்கள் என்றால் வெள்ளையும் கறுப்பும் தவிர்த்து, சிவப்பு, ரோஸ், மஞ்சள் என்று எடுங்கள்.

இன்னொன்று, பெயர் சூட்டும் நாளில் சந்தனம், குங்குமம், மஞ்சள் எல்லாம் குழந்தையைச் சுற்றியே இருக்கும். தூய வெள்ளை விரிப்பு அன்றைக்கே கறைபட்டுவிடும். நான் எடுத்திருப்பது இளமஞ்சளும் மாந்தளிர்ப் பச்சையும். கறை பட்டாலும் கண்ணை உறுத்தாது.

தேதியைப் பின்னோக்கி எண்ணுங்கள்

தீபாவளி வருடா வருடம் நகர்ந்துகொண்டே இருக்கும். 2024-ல் அக்டோபர் 31, 2025-ல் அக்டோபர் 20, 2026-ல் நவம்பர் 8. போன வருட நினைவில் தொடங்காமல் காலண்டரைப் பார்த்து எண்ணுங்கள். குழந்தைக்கான பொருளுக்கு மருத்துவர் சொன்ன பிரசவத் தேதியையே முடிக்கும் நாளாக வைத்துக்கொள்ளுங்கள். குழந்தை இரண்டு வாரம் முந்தி வந்தாலும் முப்பதாம் நாளுக்குள் சமாளித்துவிடலாம்.

விசேஷத்துக்கு முந்தைய வாரத்தைக் கணக்கிலேயே சேர்க்காதீர்கள். அந்த வாரம் முறுக்கு சுடுவது, வீடு துடைப்பது, தேக்காவுக்கு நாலு நடை என்று போய்விடும். எண்ணெய்க் கையோடு நூலைத் தொட்டால் அந்தப் பிசுக்கு லேசில் போகாது.

எந்த நூல்?

நம் ஊர் வெக்கையில் குழந்தையின் தோலில் படுகிற எதற்கும் பருத்திதான் என் முதல் தேர்வு. மூங்கில் விஸ்கோஸ் கலந்த பருத்தி இன்னும் குளுகுளுவென்று இருக்கும், ஆனால் வழுக்கும். புதிதாகப் பின்னுகிறவர்களுக்குக் கண்ணி நழுவும். கம்பளியை அத்தையின் சால்வைக்கு மட்டும் வைத்திருக்கிறேன், அதுவும் மெல்லிய 4-பிளை மெரினோ (பிளை என்பது நூலின் பருமன்; எண் கூடினால் நூல் தடிமன்). வெளியே வெயில் கொளுத்தினாலும் அலுவலகத்திலும் எம்ஆர்டியிலும் சினிமா தியேட்டரிலும் ஏசி நடுங்க வைக்கிறது இல்லையா? அறுபது வயதுக்காரர்கள் கைப்பையில் மடித்து வைத்துக்கொள்ள அதுதான் சரி. அக்ரிலிக்கை உடம்பில் படாத தோரணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். விலை குறைவு, ஈரம் சீக்கிரம் காயும்.

பருத்தி கம்பளியைப் போல இழுத்தால் திரும்பிச் சுருங்காது, கனமும் கூடுதல். கம்பளிக்கு எழுதிய பேட்டர்னில் பருத்தியைப் போட்டால் நாளாக நாளாகத் தொங்கும். ஆகவே பேட்டர்ன் சொல்வதைவிட அரை மி.மீ. சின்ன ஊசியில் ஒரு மாதிரித் துண்டு பின்னிப் பாருங்கள்.

கடை என்றால் சைனாடவுன் பீப்பிள்ஸ் பார்க் சென்டரில் இருக்கும் கோல்டன் டிராகன் ஸ்டோரும், பிளாசா சிங்கபுராவில் இருக்கும் ஸ்பாட்லைட்டும் பின்னுகிற பலருக்குத் தெரிந்த இடங்கள். ஆன்லைனில் வாங்குவதில் தப்பில்லை, ஆனால் குழந்தைக்கான நூலைக் கடையில் கழுத்தோரம் வைத்து உரசிப் பார்த்து வாங்குங்கள். கையைவிடக் கழுத்துக்குக் கூச்சம் அதிகம், குத்துகிறதா என்று உடனே தெரியும். எல்லா உருண்டைகளின் லேபிளிலும் சாய லாட் எண் (ஒரே தடவையில் சாயம் போட்ட நூலுக்குத் தரும் எண்) ஒன்றாக இருக்கிறதா பார்த்து எடுங்கள். லாட் மாறினால் கடையில் ஒரே நிறமாகத் தெரியும், வீட்டு வெளிச்சத்தில் கோடு போட்ட மாதிரி பிரிந்து நிற்கும்.

ஊசிக்கு மூங்கிலைச் சொல்வேன். கை வியர்த்தால் உலோக ஊசியில் பருத்தி ஒட்டிக்கொண்டு நகராது, மூங்கில் அவ்வளவு படுத்தாது. நேர் ஊசி வேண்டாம், கேபிள் போட்ட வட்ட ஊசி வாங்குங்கள். ரயிலில் பக்கத்தில் இருப்பவரை முழங்கையால் இடிக்காமல் பின்னலாம்.

மாதிரித் துண்டு: நூலும் நேரமும் இதிலேயே தெரிந்துவிடும்

பலரும் தாண்டிப் போகிற இடம் இது. எனக்கு மொத்த வேலையிலும் முக்கியமாகப் படுவது இதுதான். பேட்டர்னில் சொன்ன அளவு வருகிறதா என்று பார்க்க மட்டும் மாதிரித் துண்டு பின்னுவது வழக்கம். அதோடு ஒரு கடிகாரத்தையும் சமையலறைத் தராசையும் பக்கத்தில் வைத்துக்கொண்டால், எவ்வளவு நூல் வாங்கலாம், என்றைக்குத் தொடங்கலாம் என்ற இரண்டு கேள்விக்கும் பதில் கிடைத்துவிடும்.

என் குழந்தை விரிப்பையே உதாரணமாக எடுத்துக்கொள்ளுங்கள். 8-பிளை பருத்தி, 4 மி.மீ. ஊசி. 30 கண்ணி ஏற்றி, எல்லா வரிசையும் நிட் மட்டும் போட்டு 60 வரிசை. இந்த கார்டர் பின்னலில் 10 செ.மீ.க்கு 20 கண்ணியும் 40 வரிசையும் வந்தால் துண்டு 15-க்கு 15 செ.மீ. சதுரமாக இருக்கும், அதாவது 225 சதுர செ.மீ. விரிப்பு 75 செ.மீ. அகலம், 80 செ.மீ. நீளம் என்றால் 6,000 சதுர செ.மீ. வகுத்தால் கிட்டத்தட்ட 27 துண்டு. துண்டின் எடை 17 கிராம் என்றால் 27 மடங்கு 459 கிராம். 50 கிராம் உருண்டையில் 10 வாங்கினால் மாதிரித் துண்டுக்கும் சேர்த்துச் சரியாகிவிடும், ஒன்று கூடுதலாக எடுத்துக்கொண்டால் நிம்மதி.

நேரமும் இதே கணக்குதான். 30 கண்ணி, 60 வரிசை, மொத்தம் 1,800 கண்ணி. நிமிடத்துக்கு 20 கண்ணி வேகத்தில் ஒன்றரை மணி நேரம். 27 துண்டுக்கு 40 மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். வாரத்தில் ஐந்து நாள், நாளைக்கு ஒரு மணி நேரம் என்றால் எட்டு வாரம். இணைப்பது, துவைப்பது, இடையில் காய்ச்சல் தலைவலி என்று இரண்டு வாரம் சேர்த்தால் பத்து. இனி காலண்டரில் பத்து வாரம் பின்னால் போய் ஒரு வட்டம் போடுங்கள். அந்தத் தேதி ஏற்கெனவே தாண்டிவிட்டதா? விரிப்பை விட்டுவிட்டுத் தொப்பியைப் பின்னுங்கள். அவசரத்தில் பாதி முடித்த விரிப்பைவிட நன்றாக முடித்த ஒரு தொப்பி எவ்வளவோ மேல்.

அளப்பதற்கு முன் துண்டைத் துவைத்துக் காயவைத்துவிடுங்கள். அந்த வீட்டில் எப்படித் துவைப்பார்களோ அப்படி. குழந்தை உள்ள வீட்டில் எல்லாம் மெஷினுக்குத்தான் போகும். சிவப்பு, அரக்கு, கருநீலம் மாதிரி அடர்நிறம் என்றால் ஈரத்துணியோடு ஒரு வெள்ளைக் கைக்குட்டையையும் சேர்த்துச் சுருட்டி வைத்துப் பாருங்கள், சாயம் போகிறதா என்று தெரிந்துவிடும்.

விரிப்பு: பட்டைகளாகப் பின்னுங்கள்

முழு அகலத்துக்கும் 150 கண்ணி ஏற்றினால் பாதி வேலையில் அரை கிலோ பருத்தி மடியில் கிடக்கும். மத்தியான வேளையில் அதை மடியில் வைத்திருப்பது முடியாத காரியம், ரயிலில் கொண்டுபோகவும் முடியாது. 25 செ.மீ. அகலத்தில் மூன்று பட்டை பின்னுங்கள், ஒவ்வொன்றுக்கும் 50 கண்ணி, 320 வரிசை. ஒரு பட்டை சின்னப் பையில் அடங்கிவிடும். புங்கோல்காரர்கள் ஊர்போய்ச் சேர்வதற்குள் பத்துப் பன்னிரண்டு வரிசை தாராளமாக ஓடும்.

ஒவ்வொரு வரிசையிலும் முதல் கண்ணியைப் பின்னாமல், பர்ல் போடுவது போல ஊசியை நுழைத்து நகர்த்திவிட்டு, நூலை ஊசிகளுக்கு நடுவே பின்பக்கம் கொண்டுபோய் மற்றதைப் பின்னுங்கள். ஓரத்தில் சங்கிலி மாதிரி ஒரு கோடு வரும். இரண்டு வரிசைக்கு ஒரு சங்கிலி என்பதால் 160 சங்கிலி எண்ணினால் 320 வரிசை முடிந்தது, தனியாகக் குறித்து வைக்க வேண்டியதில்லை. இணைக்கும்போது இந்தப் பட்டையின் ஒரு சங்கிலிக்கு அந்தப் பட்டையின் ஒரு சங்கிலி என்று எதிரெதிரே எடுத்துத் தைத்துக்கொண்டு போனால் கோணாது. நூலை இறுக்கிவிடாதீர்கள். தையல் விரிப்போடு சேர்ந்து கொஞ்சம் நீள வேண்டும், இல்லாவிட்டால் முதல் துவையலிலேயே சுருக்கு விழும்.

ஓட்டை ஓட்டையாக வரும் லேஸ் டிசைன்கள் குழந்தை விரிப்புக்கு வேண்டாம். பிஞ்சு விரல் மாட்டிக்கொள்ளும். பொத்தான், குஞ்சம், நீளமான கயிறு எதுவும் வைக்காதீர்கள். கொடுக்கும்போது ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்: ஒரு வயது ஆகும்வரை தூங்கும் குழந்தை மேல் தளர்வான போர்வை எதுவும் போடக்கூடாது. இது தரையில் விரித்துக் குப்புறப் போட்டு விளையாடவும், மடியில் வைத்துக்கொள்ளவும்தான். நான் எப்போதும் இதை விரிப்பு என்றே சொல்லிக் கொடுப்பேன்.

தொப்பி

ஒரு மாதக் குழந்தையின் தலைச்சுற்று சுமார் 37 செ.மீ. இருக்கும். அதே நூல், அதே ஊசியில் 72 கண்ணி ஏற்றி வட்டமாகச் சேர்த்து, ஒரு நிட் ஒரு பர்ல் என்று 3 செ.மீ. ரிப். பிறகு எல்லாம் நிட். தொடக்கத்திலிருந்து 10 செ.மீ. வந்ததும் குறைக்க ஆரம்பியுங்கள்: 7 நிட், 2 கண்ணியைச் சேர்த்து ஒன்று, இப்படியே சுற்றிலும். 64 ஆகும். அடுத்த சுற்று சும்மா நிட். அதற்கடுத்து 6 நிட், 2 சேர்த்து. ஒரு சுற்று விட்டு ஒரு சுற்று இப்படிக் குறைத்துக்கொண்டே போனால் 8 கண்ணியில் வந்து நிற்கும். நூலை வெட்டி அந்த எட்டுக்குள்ளும் ஓட்டி இழுத்து நுனியை உள்பக்கம் கொண்டுபோய்விடுங்கள். சில வீடுகளில் முப்பதாம் நாளிலேயே மொட்டை போட்டுவிடுவார்கள். மழித்த தலையில் ஒரு சின்ன முடிச்சுகூட உறுத்தும், அதனால் நூல் நுனிகளை முடிச்சுப் போடாமல் தையல் ஊசியால் கோத்து மறைப்பது முக்கியம். ஏசி அறையில் விழித்திருக்கும்போது போட்டால் போதும், தூங்கும்போது கழற்றிவிடச் சொல்லுங்கள். காலுறை பின்னலாம்தான், ஆனால் அந்த வயதில் காலில் நிற்காது, நான் அதற்கு நேரம் செலவழிப்பதில்லை.

மாவிலைத் தோரணம்

இது மிச்ச நேர வேலைக்கு அருமையானது. பச்சை அக்ரிலிக், 4 மி.மீ. ஊசி, 3 கண்ணி ஏற்றுங்கள். நேர்ப்பக்க வரிசையில் நடுக்கண்ணிக்கு இரு பக்கமும் நூலைச் சுற்றி ஒவ்வொரு கண்ணி கூட்டுங்கள், மறுபக்க வரிசை முழுக்க பர்ல். 13 கண்ணி ஆனதும் 14 வரிசை கூட்டாமல் குறைக்காமல் பின்னுங்கள். அப்புறம் நேர்ப்பக்க வரிசைகளில் இரு ஓரத்திலும் ஒவ்வொன்றாகக் குறைத்து, 3 கண்ணி மிஞ்சும்போது மூன்றையும் சேர்த்து முடியுங்கள். சுமார் 12 செ.மீ. நீளத்தில் ஓர் இலை. கூட்டிய இடத்தில் நடுக்கண்ணியின் இருபுறமும் சின்னத் துளைகள் வரிசையாக நின்று காம்படி நரம்பு போலவே தெரியும். பார்க்கவே ஆசையாக இருக்கும்.

எல்லா இலைக்கும் ஒரே பச்சை வேண்டாம், இரண்டு மூன்று பச்சை கலந்தால் உயிர் வரும். வாசலை அளந்துவிட்டு 11 அல்லது 21 இலை, ஒற்றைப்படையாக. ஓர் இலைக்கு நூல் நுனி மறைப்பதோடு சேர்த்து அரை மணி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓரம் சுருண்டால் ஈரப்படுத்தி குண்டூசி குத்தி நேராக்கிக் காயவிடுங்கள். அரிசிக் கஞ்சி போட்டு விறைப்பாக்காதீர்கள், நம் ஊர் ஈரப்பதத்தில் பூஞ்சையும் பூச்சியும் தேடி வரும். அக்ரிலிக் இஸ்திரிப் பெட்டிச் சூட்டுக்கே உருகிவிடும், ஆகவே அகல் விளக்கு வைக்கும் இடத்துக்கு மேலே தொங்கவிடவே கூடாது.

அறுபதாம் கல்யாணத்துக்குச் சால்வை

அத்தை அன்றைக்குக் காஞ்சிப் பட்டு கட்டியிருப்பார். பெரிய துளை உள்ள லேஸ் சால்வை சரிகையில் மாட்டி இழுத்துவிடும், புடவையும் பாழ், சால்வையும் பாழ். நெருக்கமான கார்டர் பின்னலில் முக்கோணச் சால்வை, ஓரத்தில் மட்டும் கொஞ்சம் வேலைப்பாடு என்று முடிவு செய்தேன்.

கழுத்தின் நடுவிலிருந்து தொடங்கும் முக்கோணச் சால்வையில் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். ஆரம்பத்தில் வரிசை சின்னது, மளமளவென்று ஓடும். போகப் போக ஒவ்வொரு வரிசையும் நீளும். பாதி வரிசை முடிந்தபோது கால் பங்கு வேலைதான் முடிந்திருக்கும், நூலிலும் கால் பங்குதான் போயிருக்கும். வரிசையை எண்ணி "பாதி ஆச்சு" என்று நினைத்தால் கடைசி வாரத்தில் கண் விழிக்க வேண்டி வரும். மீதி நூலைத் தராசில் வைத்து அளந்துகொண்டே போங்கள். வேலைப்பாடு தொடங்கும் முன், இருக்கும் கண்ணிகளின் ஊடே வேறு நிறத்தில் வழுவழுப்பான ஒரு நூலை ஓட்டி விட்டுவிடுங்கள். பின்னால் ஏதாவது தவறினால் அந்த வரிசைவரை மட்டும் பிரித்தால் போதும்.

முடிந்ததும் வெதுவெதுப்பான தண்ணீரில் இருபது நிமிடம் ஊறவைத்து, முறுக்காமல் துண்டில் சுருட்டி அழுத்தி, மெத்தையிலோ விளையாட்டுப் பாயிலோ இழுத்து குண்டூசி குத்துங்கள். இங்கே கம்பளி காய நேரம் பிடிக்கும். மின்விசிறியோ ஏசியின் டிரை மோடோ போட்டு, இரண்டு நாள் ஒதுக்குங்கள்.

துவைப்பது, கொடுப்பது, பத்திரப்படுத்துவது

பின்னிய எதையும் ஜன்னலுக்கு வெளியே மூங்கில் கழியில் தொங்கவிடாதீர்கள். பருத்தி ஈரத்தில் கனத்து, தன் எடையிலேயே ஒரு சாண் நீண்டுவிடும். துணி காயவைக்கும் ஸ்டாண்டின் மேல் துண்டு விரித்துப் படுக்கை வாக்கில் போடுங்கள்.

பரிசோடு ஒரு சின்னத் தாள் வையுங்கள்: என்ன நூல், எந்தச் சூட்டில் துவைப்பது, எப்படிக் காயவைப்பது. வீட்டில் துவைப்பது பணிப்பெண்ணாக இருந்தால் அவருக்கும் புரியும்படி மெஷின் படமும் கழியின் மேல் ஒரு பெருக்கல் குறியும் வரைந்துவிடுவேன். ஒரு முழம் நூலையும் அதே தாளில் சுற்றி வைத்தால் பின்னால் எங்காவது பிரிந்தால் சரிசெய்துகொள்ளலாம்.

விசேஷம் முடிந்ததும் கறையைப் பாருங்கள். குங்குமம் பட்டிருந்தால் முதலில் தண்ணீர் விடாமல் உதறித் தட்டுங்கள், ஈரக்கையால் தேய்த்தால் ஊறிவிடும். மஞ்சள் கறையில் சோப்புக் கட்டியைத் தேய்த்தால் சிவந்துபோகும், காரத்தன்மைக்கு மஞ்சள் அப்படித்தான் நிறம் மாறும். பயப்பட வேண்டாம். பாத்திரம் கழுவும் மென்மையான திரவத்தைக் குளிர்ந்த தண்ணீரில் கலந்து அலசி, வெயில் படும் ஜன்னலோரம் படுக்கையாகப் போடுங்கள். மஞ்சளின் நிறம் வெளிச்சத்தில் வெளுக்கும், இரண்டு மூன்று வெயிலில் பெரும்பாலும் போய்விடும்.

கம்பளிச் சால்வையை நன்றாகக் காய்ந்த பிறகே மடித்து, ஜிப் வைத்த பையில் போட்டு, அலமாரியில் ஈரம் உறிஞ்சும் டப்பா ஒன்றைப் பக்கத்தில் வையுங்கள். வியர்வையும் சாப்பாட்டுக் கறையும் உள்ள கம்பளியை அந்துப்பூச்சி அதிகம் தேடி வரும், அதனால் துவைக்காமல் எடுத்து வைக்கக் கூடாது. டப்பாவில் தண்ணீர் நிறைந்ததும் மாற்றிவிடுங்கள். மாதம் ஒருமுறை சால்வையை வெளியே எடுத்து உதறி, மடிப்பை மாற்றி மடித்து வைக்கச் சொல்லுங்கள். ஒரே மடிப்பில் கிடந்தால் அந்த இடத்தில் நூல் நைந்துவிடும்.